குளிர்விக்கும் வாயுக்களின் கதை

1930-ஆம் ஆண்டு. அமெரிக்க வேதியியல் கழகத்தின் கூட்டத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் ஒரு வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊதினார். சுடர் அணைந்தது; அவருக்கு ஒன்றும் நேரவில்லை. இது நஞ்சும் அல்ல, தீப்பற்றவும் செய்யாது என்று காட்ட வேறென்ன வேண்டும்?

அந்தக் காட்சியின் அருமை விளங்க, அதற்கு முந்தைய குளிர்பதனப் பெட்டிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றில் ஓடியவை அம்மோனியா, கந்தக டையாக்சைடு, மெதில் குளோரைடு. குழாய் கசிந்தால் வீட்டில் உறங்குகிறவர்களின் உயிருக்கே ஆபத்து. மிட்ஜ்லி குழுவினரின் ஃபிரீயான் வகை வாயுக்கள் அந்த அச்சத்தைப் போக்கின. அவை எதனோடும் எளிதில் வினைபுரியாத உறுதியான சேர்மங்கள்.

அந்த உறுதியே பின்னால் வினையாயிற்று. கீழே சிதையாத வாயு மெல்ல உயரே சென்று, புறஊதாக் கதிர்களால் உடைந்து குளோரினை வெளியிடும். அது ஓசோனை அழிக்கும் என்று 1974-இல் மொலினாவும் ரோலண்டும் எழுதினர். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பது தெரியவந்தது. 1987-இல் மாண்ட்ரீல் உடன்படிக்கை உருவாயிற்று. அறைக் குளிர்சாதனங்களில் நெடுங்காலம் ஓடிய ஆர்-22 ஓசோனுக்கு ஓரளவே தீங்கு செய்வது. அதையும் படிப்படியாக விலக்க நேர்ந்தது. அதன் இடத்துக்கு வந்தவற்றுள் முக்கியமானது ஆர்-410ஏ. இதில் குளோரினே கிடையாது.

பழைய வாயுவை எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். எங்கள் கல்லூரியின் பழைய இயந்திரம் பழுதானபோது நானும் அதையேதான் கேட்டேன். "குழாய் தாங்காது சார்" என்றார் மெக்கானிக். உண்மைதான். ஒரே வெப்பநிலையில் ஆர்-410ஏயின் அழுத்தம் ஆர்-22-ஐப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய கனிம எண்ணெயும் இதனுடன் கலக்காது. புதிய எஸ்டர் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டப்பாவைத் திறந்து வைத்தாலே கெடுதல்.

வெயில் கடுமையான ஊர்களில் இன்னொரு தொல்லை. பாடத்தில் படித்த மாறுநிலை வெப்பநிலையை நினைவுகூருங்கள். ஆர்-22-க்கு அது 96 டிகிரி செல்சியஸ். ஆர்-410ஏக்குச் சுமார் 71 டிகிரிதான். வெளியே 45 டிகிரி வெயில் என்றால், வெப்பத்தை வெளியேற்றும் குழாய்ச்சுருள் அதைவிடப் பத்து, பதினைந்து டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். மாறுநிலையை நெருங்க நெருங்க உள்ளுறை வெப்பம் சுருங்கும். ஆகவே குளிர்ச்சி மிகவும் வேண்டிய நேரத்தில்தான் இயந்திரம் திணறும். மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாலும், பூமியைச் சூடாக்குவதில் ஆர்-410ஏ பழையதற்கு இளைத்ததல்ல. ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் அது ஏறத்தாழ 2,000 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-22-க்கு இது சுமார் 1,800. எனவே 2016-இல் கிகாலி நகரில் இவ்வகை வாயுக்களையும் குறைக்க நாடுகள் இசைந்தன.

ஆர்-410ஏ என்பது ஆர்-32, ஆர்-125 இரண்டும் சம எடையில் சேர்ந்த கலவை. தீப்பற்றாமல் காப்பது பின்னது. பூமியை மிகுதியாகச் சூடாக்குவதும் அதுவே. அதை நீக்கி ஆர்-32-ஐ மட்டும் நிரப்பினால் சூடாக்கும் திறன் மூன்றில் ஒரு பங்காகிறது. ஆனால் இலேசாகத் தீப்பற்றும். புரோப்பேன் பூமியைச் சூடாக்குவது மிகச் சொற்பம், ஆனால் நன்றாக எரியும். ஆர்-22-ஐக் காற்றில் திறந்துவிட்டு, அங்கேயே பற்றவைப்பு விளக்கை ஏற்றிக் குழாயை ஒட்டிப் பழகிய மெக்கானிக், புரோப்பேன் இயந்திரத்திடம் அதே கைப்பழக்கத்தோடு போக முடியாது.