கொழுகொம்பில்லாத தக்காளி

2020 மே மாதம் நோய்த்தொற்றால் கோயம்பேடு காய்கறிச் சந்தை மூடப்பட்டபோது, மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறியது. செப்டம்பர் 28இல் கோயம்பேடு மீண்டும் திறக்கும்வரை சென்னைக்கான தக்காளி அங்கேதான் வந்து இறங்கியது. மழை பெய்தபோது தற்காலிகச் சந்தை சேறானது, காய்கறிகள் வீணாயின. ஈரமண்ணில் பட்ட தக்காளி தாங்காது என்பதை வியாபாரிகள் நன்கறிவார்கள். ஆனால் நம் வீட்டுத் தோட்டங்களில் தக்காளிச் செடி பெரும்பாலும் முட்டுக்கொடுக்கப்படாமல் மண்ணில்தான் சாய்ந்து கிடக்கிறது. அதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

கொடிக்குத் தாங்கல் தருவது தமிழருக்குப் புதிதல்ல. முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் கதை இருக்கட்டும். அவரைக்கும் புடலைக்கும் பந்தல், வெற்றிலைக்கு அகத்தி நட்ட கொடிக்கால் என்று தாங்கலே ஒரு தனித் தொழிலாக வளர்ந்த நாடு இது. இத்தனை அறிவும் தக்காளிக்கு ஏன் எட்டவில்லை? பெயரில் ஒரு தடயம் உண்டு. அமெரிக்கச் செடி வருமுன்பே உறைக்குள் காய்க்கும் சிறுதக்காளியும் மணத்தக்காளியும் இங்கே இருந்தன. வந்தது ‘சீமைத் தக்காளி’ ஆனது. முன்னவை யாரும் கழி நட்டு வளர்க்காத குற்றுச்செடிகள். பெயரோடு சேர்ந்து அவற்றின் வளர்ப்புமுறையும் புதுச்செடிக்கு வந்துவிட்டது என்பது என் ஊகம்.

விதை அந்தப் பழக்கத்தை உறுதிப்படுத்தியது. 1914இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஓரளவு உயர்ந்ததும் நுனி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் தக்காளிச் செடி கண்டறியப்பட்டது. குட்டை ரகங்களின் தொடக்கம் அது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி அண்ணஞ்சி நாட்டு ரகத்திலிருந்து உருவாக்கிய பி.கே.எம். 1 ரகமும் இந்த இயல்புடையதே. நெருக்கி நடவும் ஏற்றது. ஏக்கர் கணக்கில் பயிரிடுவோருக்கு ஒவ்வொரு செடிக்கும் ஒரு சவுக்குக் கழி கட்டுப்படியாகாது. அவர்களுடைய கணக்கு சரிதான். அந்தக் கணக்கையே பத்துச் செடி வைக்கும் கொல்லைக்கும் பொருத்தியதுதான் பிழை.

குட்டை ரகத்துக்குத் தாங்கல் வீண் என்று சிலர் சொல்வார்கள். நெடுநெடுவென்று வளரும் ரகத்துக்கு ஆறடிக் கழி வேண்டும் என்றால், குட்டைக்கு மூன்றடி போதும். ஆனால் அதுவும் வேண்டும், ஏனென்றால் காய்ப் பாரம் ஏறினால் அதன் கிளைகளும் தரையில் படியும். வடகிழக்குப் பருவமழையில் தரையைத் தொட்ட காய் அழுகும், நனைந்து உலராத இலையில் கருகல் பரவும். ஆகவே வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1½ அடி என்ற இடைவெளியைக் குறைக்கக் கூடாது. இடம் மிச்சமாகிறதே என்று இடையில் இன்னொரு நாற்றைச் செருகினால் காற்றோட்டம்தான் குறையும். இன்னொரு மறுப்பு வலுவானது: நிமிர்த்திக் கட்டிய செடியில் சித்திரை வெயில் காய்களைச் சுட்டுவிடும். உண்மைதான். எனவே கோடையில் கழி இருக்கட்டும், இலையைக் கழிக்காமல் விட வேண்டும்.

நாற்று நடும் அன்றே கழியையும் ஊன்றிவிட்டால் பின்னால் வேர் அறுபடாது. கட்டுவதற்கு வாழைநார் போதும். தண்டையும் கழியையும் எட்டுப் போலச் சுற்றித் தளர்வாக முடிந்தால், தண்டு பருக்கும்போதும் நார் அதை அறுக்காது.