டெங்குவும் தட்டணுவும்: பாங்காக் கற்றுத் தந்த பாடம்



போன மாதம் எங்கள் பேரனுக்கு டெங்கு. உறவுகள் எல்லோரும் போனில் கேட்டது ஒன்றுதான்: "தட்டணு எவ்வளவு?" நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும், 'அப்பாடா, தப்பித்தோம்' என்று நினைத்தேன். டாக்டரம்மாவோ, "ஐயா, இனிமேல் இரண்டு நாள்தான் கவனமாக இருக்கணும்" என்று சொல்லி, ரிப்போர்ட்டில் வேறொரு வரியைக் காட்டினார். அதுதான் ஹெமடோக்ரிட். சில ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்றிருக்கும். பிறகு அதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1950களில் மணிலாவிலும், 1958இல் பாங்காக்கிலும் இந்தக் காய்ச்சல் குழந்தைகளைக் கூட்டமாகத் தாக்கியது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கை கால் சில்லிட்டு, நாடி தளர்ந்து, பல குழந்தைகள் இறந்துபோயின. பாங்காக் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் சுசித்ரா நிம்மன்னித்யா என்ற அம்மையார் நூற்றுக்கணக்கான குழந்தைகளைக் கவனித்து ஆராய்ந்தார். ரத்தப்போக்கைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருப்பது தெரிந்தது. ரத்தக்குழாய்களிலிருந்து பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. மிஞ்சும் ரத்தம் கெட்டியாகிறது. அதைக் காட்டுவதுதான் ஹெமடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு.

1975இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டிக்கு இந்த பாங்காக் அனுபவமே அடிப்படை. தட்டணு 1 லட்சம் அல்லது அதற்குக் கீழ். ஹெமடோக்ரிட் 20 சதவீதம் உயர்வு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 35 இருந்தது 42 ஆனால் 20 சதவீதம் கூடிவிட்டது. 42ஐ மட்டும் தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அதனால்தான் முதல் நாள் ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைக்க வேண்டும்.

கசிவைச் சரியான நேரத்தில் கண்டால் அளவோடு திரவம் ஏற்றிக் காப்பாற்றலாம். அளவு மீறினாலும் ஆபத்து. நுரையீரலில் நீர் கோத்துவிடும். ஆகவே அதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். நம் வேலை கவனிப்பது. காய்ச்சல் விட்ட பிறகு கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்வு, சிறுநீர் குறைவு என்று எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பேரன் இப்போது நலம். பள்ளிக்குப் போகிறான். அடுத்த முறை யாருக்காவது டெங்கு என்றால், தட்டணுவோடு ஹெமடோக்ரிட்டையும் கேளுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்