வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பு: அறுவை மருத்துவ வரலாறு

இதயத்திலிருந்து வயிற்றுக்குள் இறங்கும் பெருந்தமனியின் சுவர் தளர்ந்து உப்புவதே வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பு. மருத்துவர்கள் இதை ‘அனியூரிசம்’ என்பர். ஏறத்தாழ 2 செ.மீ. அகலமுள்ள குழாய் 3 செ.மீ. அளவை எட்டினால் நோய் எனக் கொள்வர். அது வெடித்தால் பிழைப்பவர் சிலரே.

கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் ஆன்டில்லஸ், நாளப் புடைப்பின் மேலும் கீழும் கட்டிட்டு அதை அறுத்துத் திறந்தார். 1817இல் லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் வயிற்றுப் பெருந்தமனியையே நூலால் கட்டினார். நோயாளி இரண்டு நாள்கூட வாழவில்லை. 1923இல் நியூ ஆர்லியன்ஸில் ருடால்ஃப் மட்டாஸ் அவ்வாறு கட்டி வெற்றி கண்டார். 1948இல் ருடால்ஃப் நிசென், ஐன்ஸ்டைனின் புடைப்பைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். 1955இல் அது வெடித்தபோது மறு அறுவைக்கு ஐன்ஸ்டைன் இசையவில்லை. ஏப்ரல் 18 அன்று இறந்தார்.

பழுதான பகுதியை நீக்கி மாற்றுக் குழாய் பொருத்தும் முறை 1951இல் பிறந்தது. மார்ச் 29 அன்று பாரிஸில் சார்லஸ் டூபோஸ்ட், இறந்த ஒருவரின் தமனியை எடுத்துப் பொருத்தினார். அமெரிக்காவின் ஷேஃபரும் ஹார்டினும் சில வாரம் முந்தினர் என்பாரும் உளர். ஆனால் பிறர் தமனி நாளடைவில் நைந்தது. நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ், நாயின் இதயத்துள் தங்கிவிட்ட பட்டு நூலின்மேல் உயிரணுப் படலம் படர்ந்திருக்கக் கண்டார். நூலில் படர்வது துணியிலும் படரும் எனக் கருதி, வின்யான் என்னும் செயற்கைத் துணியைக் குழாயாக்கினார். 1952இல் அதன் சோதனை முடிவுகளை வெளியிட்டார். ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி நைலான் வாங்கத் துணிக்கடைக்குப் போனார் என்றும், இருப்பு இல்லாததால் டேக்ரான் என்னும் பாலியெஸ்டர் துணியில் ஒரு கஜம் வாங்கினார் என்றும் கூறுவர். இரு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஓரங்களை மனைவியின் தையல் இயந்திரத்தில் அடித்துக் குழாயாக்கினார். தையல் அவருக்குத் தாய் கற்றுத்தந்த வேலை. 1954இல் டேக்ரான் குழாயை நோயாளிக்குப் பொருத்தினார். டேக்ரானை முதலில் கையாண்டவர் அவர்தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

1966இல் ஆஸ்கர் கிரீச், புடைப்பை முழுதும் அகற்றாமல் அதனுள்ளேயே குழாயைத் தைத்து, பையின் சுவரை மேலே போர்த்தும் முறையை விளக்கினார்.

1990இல் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி, வயிற்றைத் திறக்காமல், தொடைத் தமனி வழியே மாற்றுக் குழாயைப் புடைப்புக்குள் செலுத்தினார். சோவியத் உக்ரைனின் வலோடஸ் 1987இலேயே மார்புப் பெருந்தமனியில் இதைச் செய்ததால், முதன்மை யாருக்கு என்பதில் இருவேறு கருத்துகள் உள்ளன.

மேலைநாடுகளில் இந்நோய் முதியோரிடமும் புகைப்போரிடமும் மிகுதி. இந்தியாவில் டக்காயசு தமனி அழற்சியால் இளையோருக்கும் வருவதுண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரத்தநாள அறுவைக்குத் தனித்துறை உள்ளது. ஆண்களுக்குப் பொதுவாக 5.5 செ.மீ. அளவில் அறுவை பரிந்துரைக்கப்படுகிறது. திறந்த அறுவையில் இன்றும் பெரும்பாலும் தைக்கப்படுவது டேக்ரான் என்ற அதே பாலியெஸ்டர் குழாய்தான்.