பொறி வரைந்த ஓவியம் யாருடையது?

புனே நகரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை நான் அறிவேன். அவ்வீட்டு மகள் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயில்கிறாள். தாளும் தூரிகையும் அவளுக்குப் பழகியவையே. ஆயினும் இப்பொழுது அவள் பெரிதும் வரைவது கணிப்பொறியின் திரையிலேதான். ஊரிலிருந்து வந்த தன் பாட்டியாரின் கோல நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சென்ற ஆண்டு ஓர் ஓவியம் அமைத்தாள். 21 புள்ளிக் கம்பிக் கோலம் ஒன்று, மேலே ஒழுங்காகத் தொடங்கி, கீழே வரவரச் சிறிது சிறிதாக நெகிழ்ந்து, கடைசி வரிசையில் கம்பி அனைத்தும் அற்று வெறும் புள்ளிகளாக நிற்கும். எந்த வரிசையில் புள்ளி எவ்வளவு விலகலாம், எவ்விடத்தில் கம்பி அறுபட வேண்டும் என்பனவற்றை அவள் விதிகளாக எழுதிக் கொடுத்தாள். கோட்டைப் பொறி இழுத்தது. அவ்வோவியத்தைப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினாள். பொறி செய்த வேலையை மாணவியின் வேலையாக ஏற்பதற்கில்லை என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது.

"அப்படியானால் இது யாருடையது, மாமா?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. பின்னர் பழைய செய்திகளைத் தேடிப் படித்தபோது, இக்கேள்விக்கு அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்று கண்டேன். அவ்வரலாற்றையே நேயர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டில் நியூ ஜெர்சி மாநிலத்தில் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடம் இருந்தது. 1962-ஆம் ஆண்டுக் கோடையில் மைக்கேல் நோல் என்னும் இளம் பொறியாளர் அங்கே கணிப்பொறியைக் கொண்டு படங்கள் ஆக்கத் தொடங்கினார். அக்காலத்துக் கணிப்பொறி ஓர் அறையை அடைத்துக்கொண்டிருக்கும்; அதன் பணி கணக்குப் போடுவது. அதனிடம் கோடு இழுக்கச் சொல்வது, மளிகைக்கடைத் தராசைத் தம்புராவாக மீட்டச் சொல்வதைப் போன்றது. நோல் அமைத்த படங்களுள் ஒன்றில், ஒரே கோடு இடமும் வலமும் முறிந்து முறிந்து, மேலும் கீழுமாகத் தாவிச் செல்லும். அதற்குப் பதிப்புரிமை வேண்டி 1965-ஆம் ஆண்டில் அவர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு விண்ணப்பம் செய்தார். பொறி ஆக்கிய படத்துக்கு உரிமை வழங்க இயலாது என்று விடை வந்தது. பொறியை இயக்கிய நிரலை எழுதியவன் மனிதன் அன்றோ என்று நோல் விளக்கினார். அதில் தற்செயலாக விழுந்த எண்கள் இருக்கின்றனவே என்று மறுபடியும் தடை கூறினர். அவ்வெண்கள் பார்வைக்குத் தற்செயல் போலத் தோன்றினும், அவற்றைப் பிறப்பிக்கும் முறை முற்றும் கணிதத்துக்கு உட்பட்டதே என்று அவர் மீண்டும் எடுத்துரைத்தார். இதன்பின் பதிவு கிடைத்தது. புனே மாணவிக்கு வந்த குறிப்பும் நோலுக்கு முதலில் வந்த விடையும் ஒன்றே அல்லவா?

நோல் செய்த வேறொரு சோதனை அவருடைய படங்களைக் காட்டிலும் பெயர் பெற்றுவிட்டது. பீட் மாண்ட்ரியான் என்ற டச்சு ஓவியர் 1917-ஆம் ஆண்டில், குறுகிய நெடுக்குக் கோடுகளையும் கிடைக்கோடுகளையும் மட்டுமே கொண்டு ஓர் ஓவியம் தீட்டினார். அதன் அமைப்பை ஆராய்ந்து, அதே வகைக் கோடுகளைப் பொறியைக் கொண்டு வேறு விதமாகப் பரப்பி 1964-இல் ஒரு படம் ஆக்கினார் நோல். இரண்டின் நகல்களையும் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த 100 பேரிடம் காட்டினார். அவர்களுள் 59 பேர் பொறியின் படமே அழகுடையது என்றனர். எது பொறியுடையது என்று சரியாகச் சொன்னவர் 28 பேர் மட்டுமே. ஒழுங்காக இருந்தது பொறியின் வேலை, சிதறியிருந்தது மனிதனின் வேலை என்று பலர் எண்ணினர். உண்மையோ நேர்மாறாக இருந்தது.

இச்சோதனையைக் காட்டி, ஓவியனைப் பொறி வென்றுவிட்டது என்று இன்றும் எழுதுவோர் உளர். எனக்கு அது பொருந்தவில்லை. கோட்டைக் குறுக்கலாம், பரப்பலாம், வேறொன்றும் இல்லாமலே ஓவியம் நிற்கும் என்று முதலில் கண்டது மாண்ட்ரியானின் கண். நோல் அக்கண்ணைக் கடன் வாங்கினார். கடன் என்பதை அவர் மறைக்கவும் இல்லை.

அதே காலத்தில் ஜெர்மனியிலும் இம்முயற்சி நிகழ்ந்தது. 1965 பிப்ரவரியில், சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கணித அறிஞர் கியோர்க் நேஸ், பொறியால் வரைந்த படங்களை ஸ்டுட்கார்ட் தொழில்நுட்பக் கல்லூரியில் காட்சிக்கு வைத்தார். அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்த மாக்ஸ் பென்சே அதற்கு இடம் அளித்தார். வந்திருந்த ஓவியர்கள் சினங்கொண்டனர். தம் கையெழுத்துப் போன்ற தனிப்பாணியைப் பொறியால் வரைய முடியுமா என்று ஒருவர் வினவ, அதை எப்படிச் செய்கிறீர்கள் என்று நீங்கள் எனக்குச் சொன்னால் முடியும் என்று நேஸ் விடையிறுத்தார் எனக் கூறுவர். கூட்டத்தினரைத் தணிக்க விரும்பிய பென்சே, இதனைச் 'செயற்கைக் கலை' எனக் கொள்ளுங்கள் என்று ஒரு பெயரைச் சூட்டினார். பெயர் வைத்ததனால் வழக்கு முடிந்தபாடில்லை.

பின்னர் 1968-ஆம் ஆண்டளவில் நேஸ் அமைத்த படம் ஒன்றன் பெயர் 'சரளை'. ஒரு வரிசைக்கு 12 கட்டங்களாக 22 வரிசைகள். மேல் வரிசைகள் அடுக்கிய ஓடுபோல் நேராக நிற்கும். கீழே செல்லச் செல்லக் கட்டங்கள் சாய்ந்து, இடம்பெயர்ந்து, கொட்டிய கல் போலக் கிடக்கும். நேஸ் பெயரையே அறியாத புனே மாணவி, தன் கோலத்தை இதே போக்கில் கலைத்திருக்கிறாள். இதனைக் காட்டியபோது அவள் முகம் வாடிற்று. "அப்படியானால் இதுவும் என்னுடையது அன்று" என்றாள். ஒழுங்கு சிறிது சிறிதாகக் குலைவதை நேஸுக்கு முன்னும் பலர் கண்டிருப்பர். தஞ்சை மாவட்டத்து வாயில்களில் மார்கழி வெயிலும் மிதியடியும் நாள்தோறும் அதைத்தான் செய்கின்றன. குலைவது எது என்பதில் அன்றோ வேறுபாடு இருக்கிறது?

இதனை எனக்கு நன்கு விளக்கியது வேரா மோல்நார் என்னும் அம்மையாரின் வாழ்க்கை. 1924-இல் புடாபெஸ்டில் பிறந்து, 1947-இல் ஊரைவிட்டு நீங்கிப் பாரிஸ் நகரில் குடியேறியவர் அவர். கணிப்பொறி கைக்கு எட்டாத காலத்தில், 1959 முதல், 'கற்பனைப் பொறி' என்று ஒன்றைத் தாமே வகுத்துக்கொண்டார். சில எளிய விதிகளை எழுதிக்கொண்டு, பொறி எவ்வாறு தவறாமல் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுமோ அவ்வாறே தம் கையால் வரைவார். 1968-இல் உண்மையான கணிப்பொறி கிடைத்தது. அப்போது அவருக்கு மாறியது கருவி மட்டுமே. முறை ஏற்கெனவே அவரிடம் இருந்தது.

அவருடைய தாயார் புடாபெஸ்டிலிருந்து வாரந்தோறும் கடிதம் எழுதுவார். வரியின் தொடக்கத்தில் எழுத்து நிமிர்ந்து ஒழுங்காக இருக்கும். வலப்புறம் செல்லச் செல்ல நடுங்கிப் பதற்றமுறும். தாயார் மறைந்தபின் கடிதம் வருவது நின்றது. எழுத்தின் அந்தப் போக்கை விதிகளாக்கி, பொறியைக் கொண்டு 1980-களில் மோல்நார் ஒரு வரிசைப் படங்களை ஆக்கினார். அவற்றில் படிக்கத்தக்க சொல் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் அமைதியாகத் தொடங்கி வலப்பக்கம் துடிக்கும் கோடுகளே உள. ஊரிலிருந்து வரும் உறையின்மேல் முகவரி எழுத்தைக் கண்ட அளவில் எழுதியவர் இன்னார் என்று அறிந்த தலைமுறையினர் நம்மிடையே இன்னும் இருக்கிறோம். கோட்டை இழுத்தது பொறிதான். ஆனால் அந்நடுக்கத்தை வேறு எவர் விதியாக எழுதியிருக்க முடியும்? அம்மையார் 2023 டிசம்பரில், தம் நூறாவது வயதை எட்டுமுன், பாரிஸில் காலமானார்.

விதியும் கோடும் தமிழர்க்குப் புதியன அல்ல. சென்னையை அடுத்த தாம்பரத்தில் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, கணித அறிஞர்களான ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் சேர்ந்து கோலத்தை ஒரு மொழியாகக் கருதி ஆராய்ந்தார். சொற்களை எவ்வாறு இணைப்பது என்று இலக்கணம் கூறுவது போல, கோலத்தின் சிறு உறுப்புகளை எவ்வாறு அடுக்கி வளர்ப்பது என்று கூறும் விதிகளை அவர்கள் வகுத்தனர். சிறு கோலம் ஒன்றிலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கோலங்கள் அவ்விதிகளால் பிறக்கும். 1974-ஆம் ஆண்டில், கணிப்பொறி வரைகலைக்குரிய ஆய்விதழ் ஒன்றில் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. அதன்பின் 'கோலம்' என்ற தமிழ்ச்சொல் உலகக் கணிதர்களின் கட்டுரைகளில் இடம்பெற்றுவிட்டது. பம்பாய் அடுக்குமாடி வீட்டின் இரண்டடி வாயிலில் இடம் போதாமல் 15 புள்ளியை 7 புள்ளியாக்கி, வளைவைக் கெடாமல் முடிக்கும் பெண்மணி அந்த இலக்கணத்தைக் கையால் அறிந்தவர். (ஒட்டுத்தாள் கோலம் வாங்கி ஒட்டுவோரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை; எங்கள் வீட்டு வாயிலிலும் ஒன்று இருக்கிறது.)

இதுவரை கூறிய அனைவரும் விதியைத் தாமே எழுதியவர்கள். 2014-ஆம் ஆண்டுக்குப் பின் நிலை மாறிற்று. மொன்றியாலில் ஆய்வு மாணவராக இருந்த இயன் குட்ஃபெலோவும் அவருடன் பணிசெய்தோரும் புது முறை ஒன்றைக் கண்டனர். அதில் விதியை ஒருவரும் எழுதித் தருவதில்லை. ஆயிரக்கணக்கான படங்களைப் பொறியின்முன் குவித்தால், ஒரு பகுதி அவற்றைப் போலப் படம் ஆக்கும். மற்றொரு பகுதி, அது குவியலைச் சேர்ந்ததா, போலியா என்று சோதிக்கும். இரண்டும் போட்டியிட்டுத் தேறும்.

இம்முறையால் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி மாணவர்கள் அறியத்தக்கது. 2018 அக்டோபரில், நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலக்கூடம் 'எட்மண்ட் டி பெலமி' என்ற உருவப்படத்தை விற்றது. பாரிஸைச் சேர்ந்த மூன்று இளைஞர், சுமார் 15,000 பழைய உருவப்படங்களைப் பொறிக்குப் பயிற்றி ஆக்கியது அது. 7,000 முதல் 10,000 டாலர் வரை போகும் என்று மதிப்பிட்ட படம் 4,32,500 டாலருக்குப் போயிற்று. ஓவியர் கையொப்பம் இடும் மூலையில் ஒரு கணிதச் சூத்திரம் எழுதியிருந்தது. ஆனால், ராபி பாரட் என்ற அமெரிக்க இளைஞர் பொதுவில் இலவசமாக வெளியிட்டிருந்த நிரலையே தாங்கள் எடுத்தாண்டதாக அம்மூவரும் ஒப்புக்கொண்டனர். பாரட்டுக்கு அப்பொழுது வயது 19. பள்ளிப் படிப்பை முடித்து நெடுநாள் ஆகவில்லை. நிரலை யாரும் எடுக்கலாம் என்று விட்டவர் அவரே. ஆகவே சட்டப்படி குற்றம் கூற இடமில்லை. ஆயினும் சூத்திரத்துக்குக் கிடைத்த மூலை அந்த இளைஞனின் பெயருக்குக் கிடைக்கவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது. அப்பதினைந்தாயிரம் படங்களைத் தீட்டிய ஓவியரைப் பற்றியோ கேட்க வேண்டியதே இல்லை.

2022 முதல், சொல்லைத் தட்டினால் படம் தரும் பொறிகள் யாவர்க்கும் கிடைக்கின்றன. அவற்றுட் சிலவற்றைப் பயிற்றுவதற்கு எடுத்த தொகுதியில் 500 கோடிக்கு மேற்பட்ட படங்களின் முகவரிகள் இருந்தன. ஆக்கியோரை ஒருவரும் கேட்கவில்லை. 2023 ஜனவரியில் அமெரிக்க ஓவியர் மூவர் வழக்குத் தொடுத்தனர். 'இன்னார் பாணியில்' என்று எழுதினால் போதும், இன்னாரின் வாழ்நாள் உழைப்பு நொடியில் வந்து நிற்கிறது. போட்டி நடத்துவோர் எதையும் ஐயுறுவதற்கு இதுவே காரணம். அவர்களை முற்றும் குறைகூற நான் விரும்பவில்லை. விதியை எழுதியவளையும் சொல்லைத் தட்டியவரையும் வேறு பிரித்துக் காணாமல், ஒரே குறிப்பை இருவருக்கும் அனுப்பியதே பிழை.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 1994-இல் திருத்தியபோது, கணிப்பொறியால் ஆக்கப்படும் படைப்புக்கு, அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்று சேர்த்தனர். நோல் கேட்டு வாங்கியதை நம் சட்டம் கேளாமலே தந்தது. ஆனால் 'காரணமானவர்' என்ற சொல் அகலமானது. நிரல் எழுதியவரா, சொல் தட்டியவரா, பொறிக்கு உடையவரா என்பதை அச்சொல் ஒன்றே காட்டிவிடாது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமோ 2025 ஜனவரியில், சொல்லைத் தட்டியது மட்டுமே ஆசிரியத்தன்மை ஆகாது என்று அறிவித்தது. மனிதர் எவ்வளவு வகுத்தார், எவ்வளவு தேர்ந்தார், எவ்வளவு திருத்தினார் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் நிலை.

இவற்றையெல்லாம் மாணவியிடம் கூறியபோது, அவள் பாட்டியாரின் நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பழைய கணக்கு நோட்டு அது. மஞ்சள் படிந்த தாள். நான் முன்பு கவனியாத ஒன்றை அப்பொழுதுதான் கண்டேன். ஒவ்வொரு கோலத்தின் மூலையிலும் பென்சிலால் சிறு குறிப்பு இருந்தது: 'எதிர்வீட்டு மன்னி போட்டது', 'மேலவீதி அத்தை, தை வெள்ளி', 'கோயில் வாசலில் பார்த்தது'. நான்கைந்து கோலங்களின் மூலையில் மட்டும் 'நானே' என்று எழுதியிருந்தது. ஓவியத்துக்கு அவள் எடுத்த 21 புள்ளிக் கோலம் மேலவீதி அத்தையுடையது.

சென்ற மாதம் அவள் அதே ஓவியத்தை வேறொரு போட்டிக்கு அனுப்பினாள். தான் எழுதிய விதிகள் நான்கு பக்கம், தள்ளிவிட்ட முயற்சிகள் சில, நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தின் படம் ஆகியவற்றையும் உடன் வைத்தாள். 'மேலவீதி அத்தை, தை வெள்ளி' என்ற பென்சில் எழுத்து அதில் தெளிவாகத் தெரிகிறது. முடிவு இன்னும் வரவில்லை.