மணலும் ஏடும் திரையும்: வகுப்பறைக் கருவிகளும் படைப்பாற்றலும்

வகுப்பறைக்குள் புதிய கருவி ஒன்று நுழையும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். இனிக் கல்வி தழைக்கும் என்பது ஒன்று. இனிக் கற்பனை வறளும் என்பது மற்றொன்று. அச்சுப் புத்தகம் வந்தபோதும், தொலைக்காட்சி வந்தபோதும், கணிப்பொறி வந்தபோதும் இவ்விரு குரல்களும் ஒலித்தன. வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பின், இரண்டுமே முழு உண்மையன்று என்பது புலனாகும். கருவி எது என்பதைவிட, அது யாருடைய கையில் இருந்தது, அழித்து எழுதும் உரிமை மாணவனுக்கு வாய்த்ததா என்பவையே படைப்பாற்றலின் வளர்ச்சியையும் தேய்வையும் பெரிதும் முடிவு செய்துள்ளன.

திண்ணையும் மணலும்

தென்னகத்துப் பிள்ளைகளின் முதல் எழுதுபொருள் மணல். 1623ஆம் ஆண்டு கன்னட நாட்டின் இக்கேரிக்கு வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, கோயில் முகப்பில் அமர்ந்து கணக்குப் பயின்ற சிறுவர்களைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். பாடத்தை இசையோடு ஒருவன் சொல்ல, மற்றவரும் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினர். தரை நிரம்பியதும் புது மணலைத் தூவி மீண்டும் எழுதினர். அருகில் ஆசிரியர் இல்லை. ஒருவர் மறந்ததை மற்றவர் திருத்தினர்.

தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் மணலே தொடக்கம். சட்டாம்பிள்ளை முறைவைக்க, மற்றவர் பின்தொடர்வர். அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் கையாலும் நாவாலும் ஒருங்கே பயிலப்பட்டன. மணலில் பிழை நிலைப்பதில்லை. உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும். தவறுவதற்கு அஞ்சாத எழுதுபொருள் அது.

ஆயினும் திண்ணையைப் பொற்காலமாகக் கொண்டாடுவது பொருந்தாது. கோதண்டம் போன்ற கொடிய தண்டனைகள் அங்கே இருந்தன. சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய கணக்கின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அவர்களுள் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்டோர் பலருக்கும் திண்ணை எட்டாத உயரத்திலேயே இருந்தது. மணல் எங்கும் கிடைத்தது; அதில் எழுதும் உரிமை எல்லார்க்கும் கிடைக்கவில்லை.

எழும்பூரிலிருந்து இலண்டனுக்கு

இந்த மணல் கடல் கடந்த கதை சுவையானது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் (1753-1832) என்னும் பாதிரியார், 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை மேற்பார்த்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, அம்முறையைத் தம் பள்ளியிலும் புகுத்த விழைந்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் அதற்கு இசையவில்லை. எனவே சிறுவன் ஒருவனையே தொடக்க வகுப்புக்கு ஆசானாக்கினார். முயற்சி வெற்றி பெற்றது. 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட சிறுநூல் வழியாக, ‘சென்னை முறை’ என்னும் பெயரோடு அது இங்கிலாந்தில் பரவிற்று. 1798இல் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் இதையொத்த முறையில் இலண்டனில் பள்ளி நடத்தத் தொடங்கினார்.

அங்கே மணலும் சென்றது; சட்டாம்பிள்ளையும் சென்றார். ஆனால் நோக்கம் மாறியது. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவில் ஆள்வதற்கு ஏற்ற பொறியமைப்பாக அது உருப்பெற்றது. கட்டளை பிறந்ததும் அனைவரும் ஒரே சொல்லை எழுதினர். மறு கட்டளைக்குப் பலகையைத் தூக்கிக் காட்டினர். இக்கேரிச் சிறுவர் தமக்குள் திருத்திக்கொள்ளப் பயன்பட்ட எழுதுகளம், மேற்பார்வைக்குரிய அணிவகுப்புக் களமாயிற்று. எளிய முறை ஒன்றே இருவேறு பயனைத் தந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

புள்ளியில்லா ஏடு

மணலில் பயின்ற கை அடுத்து ஏட்டுக்குச் சென்றது. எழுத்தாணியின் முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பதனால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு தோன்றாது. ‘கலவி’ என்று ஏட்டில் இருப்பது கல்வியா, கலவியா? கண் அதைச் சொல்லாது. யாப்பும் பொருளுமே சொல்ல வேண்டும். கல்வி எனின் தேமா. கலவி எனின் புளிமா. வெண்பாவில் முந்திய சீர் மாவில் முடிந்திருந்தால் நிரை வர வேண்டும். விளத்திலோ காயிலோ முடிந்திருந்தால் நேர் வர வேண்டும். ஆகவே ஏடு வாசிப்பவன் தளை அறிந்தவனாக, ஓசை உணர்ந்தவனாக, பாதிக் கவிஞனாக இருந்தாலன்றி ஓர் அடியையும் கடக்க இயலாது. கருவியின் குறைபாடே மாணவனின் ஆற்றலை வளர்த்தது.

அந்தக் கல்விமுறையின் கடைசிப் பேரொளி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876). அவர் செய்யுளை வாயால் சொல்லிச் செல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். கவிதை பிறக்கும் கணத்திலேயே அருகிருந்து காணும் பேறு அம்மாணாக்கருக்கு வாய்த்தது. 1871இல் மாயூரத்தில் அவரிடம் சேர்ந்த உ.வே. சாமிநாதையர் (1855-1942), தம் ஆசிரியரின் பாடம் சொல்லும் திறத்தையும் கவி பொழியும் திறத்தையும் பின்னாளில் விரிவாகப் பதிவு செய்தார். அவரே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் ஏற்றினார். புள்ளியில்லா ஏட்டுக்குப் புள்ளியிட்டு, சொல்லைப் பிரித்து, பாடபேதம் தேர்ந்து பதிப்பித்த அந்த அரும்பணிக்கு ஏட்டுக் கல்வி தந்த பயிற்சியே அடித்தளம். பழைய கருவியில் தேர்ந்த கைதான் புதிய கருவியைப் பொருளுடையதாக்கியது.

ஈற்றடியும் கோடிட்ட இடமும்

அச்சு தமிழுக்குச் செய்த நன்மைக்கு அளவில்லை. திண்ணை ஏற முடியாதவர் கைக்கும் நூல் சென்றது. ஆயினும் வகுப்பறையில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் தேர்வு என்னும் அளவுகோல் கல்வியை ஆளத் தொடங்கியது. அச்சிட்ட பாடநூல், அதற்கு அச்சிட்ட உரை, அவ்வுரையிலிருந்து அச்சிட்ட வினா விடை என்று ஒரு தொடர் உருவாயிற்று. புள்ளி ஏற்கெனவே இடப்பட்டிருந்தது. பொருளும் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. மாணவனுக்கு எஞ்சியது மனனம் மட்டுமே.

முன்னாளில் ஆசிரியர் ஈற்றடி ஒன்றைக் கொடுத்து வெண்பாவை முடிக்கச் சொல்வார். பிற்காலத் தேர்வுத்தாள் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்கிறது. இரண்டும் வெற்றிடத்தை நிரப்பும் பணிதான். ஆனால் கோடிட்ட இடத்துக்கு விடை ஒன்றே. ஈற்றடிக்கு விடை எத்தனை மாணவரோ அத்தனை. இவ்விரு வெற்றிடங்களுக்கும் இடைப்பட்ட தொலைவே வகுப்பறை இழந்த படைப்பாற்றலின் அளவு எனலாம்.

ஒளியும் ஆமையும்

இருபதாம் நூற்றாண்டு வகுப்பறைக்கு ஒலியையும் ஒளியையும் கொணர்ந்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் நடத்தப்பட்டது. காலையில் பள்ளிச் சிறார்க்கான நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. காணாத உலகைக் குழந்தைகள் கண்டனர். ஆனால் அவர்கள் பேசியது அந்தத் திரைக்குக் கேட்கவில்லை. 2019இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சி, கொள்ளைநோயால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது தமிழக மாணவர் பலருக்குக் கைவிளக்காயிற்று. அந்த நன்றிக்கு உரிய பணியிலும் பாதை ஒருவழிப் பாதையே.

இதற்கு மாறான வழியை அமெரிக்காவில் சீமோர் பேபர்ட் (1928-2016) காட்டினார். அவரும் உடன்பணியாளரும் 1967இல் ‘லோகோ’ என்னும் கணிப்பொறி மொழியைச் சிறுவர்க்கென வடித்தனர். குழந்தை ஆணையிட, ஆமை ஒன்று நகர்ந்து கோடு வரையும். சதுரம் வரச் சொல்லிச் சாய்ந்த கோடு வந்தால், அது தோல்வியன்று. எந்த ஆணை பிசகியது என்று தேடித் திருத்துவதே பாடம். பொறி குழந்தையை நடத்துவதைவிடக் குழந்தை பொறியை நடத்த வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஆமை வரைந்த கோடும் மணலில் வரைந்த கோடும் ஒரே இயல்பின. இரண்டையும் அழிக்கலாம், மீண்டும் வரையலாம். இந்தியாவில் 1984இல் ஏறத்தாழ 250 பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வித் திட்டம் தொடங்கியது. 2011இல் தமிழக அரசு மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அதுகாறும் பூட்டிய அறையில் இருந்த பொறி மாணவன் மடிக்கே வந்தது.

தாழ்ந்து வந்த கரும்பலகை

விலையுயர்ந்த பொறிகளைப் பற்றியே பேசுமிடத்து எளிய மாற்றம் ஒன்று மறக்கப்படுகிறது. ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் பட்டறிவைத் தழுவி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. 2007இல் மாநிலமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அப்போது வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில் குழந்தைகளின் உயரத்துக்குக் கரும்பலகை அமைக்கப்பட்டது. ஆளுக்கொரு பகுதி, ஆளுக்கொரு சுண்ணக்கட்டி. ஆசிரியரின் தலைக்கு நேரே நின்ற பலகை முழங்கால் அளவுக்கு இறங்கியது. அம்முறை பின்னர் பல மாற்றங்களுக்கு உள்ளாயிற்று, குறைகளும் கூறப்பட்டன. எனினும், எழுதுகளம் குழந்தையிடம் வந்த அந்த மாற்றம் தொழில்நுட்ப வரலாற்றில் சிறியதன்று.

புள்ளி யார் வைப்பது?

1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. அதில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளி விழும்; மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரினும் அவ்வாறே. ஓலையில் இல்லாத புள்ளியைப் பொறியே இட்டது. ஆனால் ‘கல்வி’ என்று எழுத, லகரத்தின்மேல் புள்ளியைத் தட்டுபவர்தாம் இட வேண்டும். கலவியா கல்வியா என்பதை அந்த விசைப்பலகை மனிதனுக்கே விட்டுவைத்தது.

2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடி போன்ற பொறிகள் அத்தேர்வையும் தாமே செய்ய முன்வந்துள்ளன. கேட்டவுடன் கட்டுரை வருகிறது. கவிதை என்ற பெயரில் வரிகளும் வருகின்றன. அவற்றைப் படியெடுத்துக் கொடுக்கும் மாணவன், இலண்டனில் கட்டளைக்குப் பலகையைத் தூக்கிக் காட்டிய சிறுவனின் வழித்தோன்றல். அதே வரிகளை வாங்கி, தளை தட்டும் இடத்தைக் கண்டு, பொய்யான உவமையை அழித்து, தன் ஊரின் சொல்லை அங்கே வைக்கும் மாணவனோ ஏடு வாசித்தவரின் வழித்தோன்றல். முன்னவனை ஆக்குவதற்குப் பொறி மட்டும் போதும். பின்னவனை ஆக்குவதற்கு யாப்பறிந்த ஆசிரியரும் தவறப் பொறுக்கும் வகுப்பறையும் வேண்டும்.

இலக்கிய வட்டங்களுக்கும் கவிஞர்களுக்கும் உரிய கடமை இங்கேதான் உள்ளது. பொறியைப் பழிப்பதாலோ போற்றுவதாலோ பயன் விளையாது. அண்டைப் பள்ளி ஒன்றுக்குச் சென்று, திரையோ பலகையோ எது இருப்பினும் அதில் ஓர் ஈற்றடியை எழுதி வைத்து, முப்பது பிள்ளைகளிடமிருந்து முப்பது விடைகளைப் பெற்றுவரும் கவிஞரே இக்காலக் கல்விக்குத் தேவை. மணல் முதல் திரை வரை கருவிகள் மாறிக்கொண்டே வந்துள்ளன, இனியும் மாறும். கல்விக்குப் புள்ளி வைக்கும் விரல் மாணவனுடையதாக இருக்கும்வரை தமிழ்க் கவிதைக்குக் குறைவில்லை.