1876: ரில்டன் வென்றிருந்தால்?

‘இவ்வாறு நடந்திருந்தால்’ என வினவுவது வரலாற்றாய்வாளனுக்கு ஒவ்வாத வீண் கற்பனை என்பாருளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நடவாததை எண்ணிப் பார்ப்பது, நடந்ததன் காரணங்களுள் அடிப்படையானது எது, தற்செயலானது எது எனப் பகுத்தறிய உதவும். உள்நாட்டுப் போர் முடிந்து 11 ஆண்டுகளின் பின் நிகழ்ந்த அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் இதற்கு ஏற்றதோர் உரைகல்லாகும்.

1876இல் ஜனநாயகக் கட்சியின் சாமுவேல் ரில்டன் சுமார் இரண்டரை இலட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றார். எனினும் தேர்வாளர் வாக்குகளில் அவருக்கு ஐயமின்றிக் கிடைத்தவை 184, வேண்டியவை 185. புளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகியவற்றின் வாக்குகளும் ஒறிகனின் ஒரு வாக்குமாக 20 வாக்குகள் பிணக்குக்குள்ளாயின. காங்கிரஸ் அமைத்த 15 பேர் கொண்ட ஆணைக்குழு, 8க்கு 7 என்ற கட்சிக் கணக்கில், இருபதையும் குடியரசுக் கட்சியின் ரதர்போர்ட் ஹேய்சுக்கே வழங்கியது. ஹேய்ஸ் பதவியேற்ற சில வாரங்களில், தென் கரோலினாவிலும் லூசியானாவிலும் மாநில அரசாங்கங்களைக் காத்துநின்ற கூட்டாட்சிப் படையினர் பாசறைக்குத் திரும்பினர். விடுதலை பெற்ற அடிமைகளின் வாக்குகளில் தங்கியிருந்த அவ்வரசாங்கங்கள் சரிந்தன.

இதனை ஹேய்சின் துரோகம் எனக் கூறி அமைவது எளிது. ஆனால் ரில்டன் வந்திருப்பின் அப்படையினர் அங்கேயே நின்றிருப்பரா? அவரது கட்சியின் கையிலிருந்த கீழ்ச்சபை 1877இல் இராணுவச் செலவுக்கான நிதியையே முடக்கிற்று. அதற்கு முன்னர், 1875இல், மிசிசிப்பியில் கறுப்பின வாக்காளர் வன்முறையால் விரட்டப்பட்டபோது குடியரசுக் கட்சி ஜனாதிபதி கிறான்ற்றின் அரசாங்கமும் படையனுப்ப மறுத்திருந்தது. 1873இன் பொருளாதார நெருக்கடியின் பின் வடபுல மூலதனம் வேண்டிநின்றது தெற்கின் அமைதியையே, உழுபவனுக்கு நிலத்தையன்று. விடுதலை பெற்றோருக்கு நிலம் வழங்கப்படாதபோதே அவர்தம் வாக்குரிமையின் வேர் அறுந்துவிட்டது எனலாம். 1877 யூலையில் புகையிரதத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு எதிராக ஹேய்ஸ் இராணுவத்தை அனுப்பினார். புகையிரதக் கம்பனிகளின் சட்டத்தரணியாகப் பெரும் பொருளீட்டிய ரில்டன் வேறு வழி சென்றிருப்பார் என நம்ப நியாயமில்லை.

ஆயின், வேறுபாடே இருந்திராது என்பதும் பிழை. கூட்டாட்சித் தேர்தல் மேற்பார்வைச் சட்டங்களை முடமாக்க 1879இல் ஜனநாயகக் கட்சியினர் கொணர்ந்த மசோதாக்களை ஹேய்ஸ் ஒன்றன்பின் ஒன்றாகத் தமது வீற்றோ அதிகாரத்தால் தடுத்தார். ரில்டன் பெரும்பாலும் ஒப்பமிட்டிருப்பார்; 1894இல் நிகழ்ந்த நீக்கம் பதினைந்தாண்டுகள் முந்தியிருக்கும். அன்றியும், 1877இல் ஹேய்ஸ் உயர் நீதிமன்றத்துக்கு நியமித்தவர் ஜோன் மார்ஷல் ஹார்லன். அவர் கென்ரக்கியில் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பத்திற் பிறந்தவர் என்பது வரலாற்றின் விந்தை. 1896இல் அந்நீதிமன்றம் இன ஒதுக்கலைச் சட்டபூர்வமாக்கியபோது மறுப்புரை எழுதிய ஒரே நீதியரசர் அவரே. பின்னாளில் ஒதுக்கலுக்கெதிராக வழக்காடிய சட்டத்தரணிகள் பற்றிநின்றதும் அவ்வுரையையே. ரில்டன் தெரிந்தெடுத்திருக்கக்கூடிய நீதியரசர் ஒருவரிடமிருந்து அதனை நாம் எதிர்பார்த்திருக்க முடியாது.