ஆசான் பாடத்தை நிறுத்திய கதை: ஹோண்டா என்எஸ்எக்ஸும் ஃபெராரி 348உம்

1988ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் பந்தயங்கள் 16இல் 15ஐ மெக்லாரன் அணி வென்றது. அதன் கார்களில் இருந்தவை ஹோண்டாவின் என்ஜின்கள். நழுவிப்போன ஒன்று இத்தாலியின் மோன்ஸாவில் நடந்தது. என்ஸோ ஃபெராரி மறைந்து ஒரு மாதம்கூட ஆகாத செப்டம்பர் 11 அன்று, முதலிரண்டு இடங்களையும் ஃபெராரி பிடித்தது. நாவலில் வந்திருந்தால் மிகை என்று ஒதுக்கியிருப்போம்.

பந்தயக் களத்தின் இப்பகை மறு ஆண்டே சாலைக்கு வந்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் என்எஸ்எக்ஸையும், செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஃபெராரி 348ஐயும் உலகம் கண்டது. ஃபெராரிக்கு எட்டு சிலிண்டர், சுமார் 300 குதிரைத்திறன். ஹோண்டாவுக்கு ஆறுதான், திறனும் சற்றுக் குறைவு.

ஆனால் ஷிகெரு உஎஹாராவின் குழு எண்களை நம்பி இறங்கவில்லை. தொடர் உற்பத்திக் காருக்கு முழு உடலையும் அலுமினியத்தில் அமைத்தது. என்ஜினின் கனெக்டிங் ராடுகளை டைட்டானியத்தில் செய்தது. எஃப்-16 போர்விமானத்தின் விமானி அறையை முன்மாதிரியாகக் கொண்டு, எத்திசையும் தெளிவாகத் தெரியும் இருக்கையை உருவாக்கியது. சுஸுகா களத்தில் முன்மாதிரியை ஓட்டிய அயர்டன் சென்னா, உடல் போதிய விறைப்புடன் இல்லை என்றார். பொறியாளர்கள் அதை ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கிற்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் ஓட்டி உறுதிப்படுத்தினர். உலக சாம்பியன் குறை சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கேட்ட பிறகு உழைப்பதுதான் அரிது.

348இல் டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டுமானால் என்ஜினையே கீழே இறக்க வேண்டும். 1991இல் தலைமை ஏற்ற லூக்கா டி மொன்டெசெமோலோ, தாம் வாங்கிய 348 தமக்கு ஏமாற்றமளித்ததாகப் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார்.

என்எஸ்எக்ஸுக்கு ஆன்மா இல்லை என்பார் உண்டு. அடம்பிடிக்காத இயந்திரத்தில் ஆன்மா இராது என்பது, எளிதில் பொருள் விளங்கினால் அது கவிதையல்ல என்பதைப் போன்ற வாதம். மெக்லாரன் எஃப்1ஐ வடிவமைத்த கார்டன் மர்ரே, என்எஸ்எக்ஸை ஓட்டியபின் ஃபெராரி, போர்ஷே முதலான பழைய அளவுகோல்களை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார்.

ஃபெராரியும் பாடம் கற்றது. 1994இல் வந்த எஃப்355 முற்றிலும் பண்பட்ட காராக இருந்தது. ஓட்டுபவரை வதைக்காமலும் ஃபெராரியாக இருக்க முடியும் என்று அது காட்டியது. வியப்பு ஹோண்டாவிடம்தான். 1997இல் என்ஜினைச் சற்றுப் பெரிதாக்கியது, 2002இல் முகவிளக்கை மாற்றியது, அவ்வளவே. ஜப்பானில் 280க்கு மேல் குதிரைத்திறன் அறிவிப்பதில்லை என்று நிறுவனங்கள் தமக்குள் வைத்திருந்த எழுதாத உடன்பாடும் தடையாயிற்று. சுமார் 18,000 கார்களுடன் 2005இல் என்எஸ்எக்ஸின் உற்பத்தி நின்றது. அதற்குள் ஃபெராரி எஃப்355, 360, எஃப்430 என மூன்று தலைமுறைகளைக் கண்டிருந்தது.